சக்கரத்துக்கு உள்ளே வைத்த சந்தனம்

மலையடிவாரத்தில் ஒரு பட்டறை. அங்கே குரு சின்னவர், சீடர் பெரியவர்.

குருவின் பெயர் சென்றாயன். வயது முப்பத்தாறு. சங்ககிரியில் பன்னிரண்டு வருஷம் லாரி அச்சு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சீடர் மாதையனுக்கு ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சர்க்கரையில் பார்வை மங்கி, லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல், ஸ்பேனர் பிடிக்கப் பழக வந்தார். பெரியவர் சின்னவரை ‘மேஸ்திரி’ என்பார். சின்னவர் பெரியவரை ‘அண்ணா’ என்பார். இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் இருந்ததில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

மலைமேல் தார் ரோடு பாதியில் நின்றுவிடும். அதற்குமேல் பாறைத்தடம். பிக்கப் வண்டிகளின் வயிற்றில் கல் இடிக்கும். அதனால் வண்டியைத் தூக்குவார்கள். அச்சுக்கும் வில்பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்து ஒரு சாண் உயர்த்தி, பெரிய டயர் போடுவார்கள். பெரிய டயர் திருப்பத்தில் உள்ளே உரசும். உரசாமல் இருக்க, அச்சின் முனையில் சக்கரம் உட்காரும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு விரல் தடிமனில் ஓர் அலுமினிய வட்டம் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவார்கள். அந்த வட்டத்துக்கு ஸ்பேசர் என்று பெயர்.

கல் இடிக்கிறதென்று தூக்கினவர்கள் பாதி. பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிவிட்டான் என்று தூக்கினவர்கள் மீதி. வண்டி உயர்ந்தால் ஓட்டுகிறவனும் உயர்ந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. அதை யார் போய்க் கேட்பது.

ஸ்பேசரை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள் சக்கரத்துக்கு உள்ளே மறைந்துவிடும். வெளியே தெரிகிற நட்டுகள் சக்கரத்தை ஸ்பேசரோடு பிடிப்பவை மட்டும்தான். உள்ளே இருப்பது தளர்ந்தால் வெளியே தெரியாது. ஆகவே சென்றாயன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஸ்பேசர் மாட்டிய வண்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு அன்றைக்கே திரும்பி வர வேண்டும். சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளை இன்னொரு முறை இறுக்குவார். வண்டிக்காரர்கள் வராமல் போய்விடக் கூடாதென்று ஸ்டெப்னி டயரைப் பட்டறையிலேயே பிடித்து வைத்துக்கொள்வார். எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் கொடுக்க மாட்டார். இதனால் அவருக்குத் திமிர் பிடித்தவன் என்று மலை முழுக்கப் பெயர்.

அவர் சாமான் வாங்க சேலம் போயிருந்த ஒரு நாளில் தீர்த்தகிரி வண்டியோடு வந்தான். மாதையனுக்குச் சொந்த ஊர்க்காரன். மலையில் புளியும் பலாவும் ஏற்றுகிறவன், சந்தை நாளில் ஆட்களையும் ஏற்றுகிறவன். ஏற்கெனவே தூக்கிய வண்டிதான். புது டயர் நான்கு வாங்கி வந்து, ஸ்பேசர் வைத்து மாட்டச் சொன்னான்.

மாதையன் தனியாகவே வேலையை முடித்தார். கற்றுக்கொண்டது எதையும் விடவில்லை. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், பெட்ரோல் துணியால் துடைத்தார். விரலால் தடவிப் பார்த்து, துளி அழுக்கு இல்லை என்று தெரிந்துகொண்டார். சரியான இறுக்கம் வந்ததும் டிக் என்று சத்தம் போடும் அளவுக் கம்பியால் நட்டுகளை இறுக்கினார்.

மாலை தீர்த்தகிரி கிளம்பும்போது ஸ்டெப்னியையும் கேட்டான். மலை ரோட்டில் ஸ்டெப்னி இல்லாமல் எப்படிப் போவது, நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வந்துவிடுகிறேன் என்றான். ஊர்க்காரன். மாதையன் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவன் வரவில்லை. மனைவி அலமேலுவுக்குத் தாய்வீட்டில் ஒரு விசேஷம். புது டயர் போட்ட வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை, அவனுக்கும் ஆசை. போய்விட்டு வந்து பட்டறைக்குப் போகலாம் என்று கிளம்பினார்கள். வெளியே தெரிந்த நட்டுகளை அவனே ஒரு தடவை இறுக்கியும் பார்த்தான். பதினோராவது வளைவில் இடது முன்சக்கரம் ஸ்பேசரோடு சேர்ந்து கழன்று போனது. அலமேலு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். தீர்த்தகிரிக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், போலீஸ் வந்து எழுதியது. ஐம்பது கிலோமீட்டரில் திரும்பி வரச் சொன்னேன், அவன் வரவில்லை என்று மாதையன் சொன்னார். ஆஸ்பத்திரியில் தீர்த்தகிரியும் அதையேதான் சொன்னான். வரச் சொன்னார், நான்தான் போகவில்லை, நான்தான் அவளைக் கொன்றேன். ஊரும் அதையே சொன்னது. ஒருவர் சொல்லுக்கும் இன்னொருவர் சொல்லுக்கும் வித்தியாசமே இல்லாததால் வழக்கு சுலபமாக முடிந்துவிடும் என்றார்கள்.

மாதையனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அது நிம்மதிதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்திகள் நன்றாக இல்லை. தீர்த்தகிரி தண்ணீர் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. அவன் அம்மா கஞ்சியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கட்டிலருகே நிற்கிறாள். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போடுகிறான். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறான். இப்படியே விட்டால் இரண்டு வாரம் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொன்னாராம்.

பன்னிரண்டாம் நாள், போலீஸ் விடுவித்த நொறுங்கிய வண்டியைப் பட்டறை முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். சென்றாயன் மிச்சமிருந்த மூன்று சக்கரங்களில் ஒன்றைக் கழற்றினார். பிறகு உள்ளே இருந்த ஸ்பேசரைக் கழற்றினார். நட்டுகள் கைக்கு லேசாக வந்தன. வட்டத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“மாதையண்ணா, இங்க வாங்க.”

மாதையன் வந்தார்.

ஹப்போடு ஒட்டி உட்காரும் பக்கத்தில், மூன்று இடத்தில், சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் குங்குமம் நிறம் மாறாமல் இருந்தது. ஒன்றில் விரல்ரேகை கூடத் தெரிந்தது.

“இது எப்ப வெச்சது?”

“மாட்டறப்பங்க.”

“தொடச்ச பிறகா?”

“ஆமாங்க. தொடச்சிட்டு, சாமி கும்பிட்டு வெச்சேன்.”

“வெளியில வெக்கிறதுதானே வழக்கம்.”

மாதையன் சொன்னார். முப்பது வருஷமும் தன் லாரிக்கு வெளியேதான் வைத்தாராம். ஒரு மழை பெய்தால் போய்விடும், ஒரு ஓடையில் இறங்கினால் போய்விடும். தீர்த்தகிரி மலை வண்டிக்காரன், தினமும் தண்ணீரிலும் சேற்றிலும் ஓடுகிறவன். உள்ளே வைத்தால் அழியாது, சக்கரம் இருக்கிற வரைக்கும் சாமி கூடவே இருக்கும் என்று நினைத்து நான்கிலும் வைத்தாராம். சொல்லி முடித்தபோதுதான், தான் சொல்லிக்கொண்டிருப்பது என்னவென்று அவருக்கே உறைத்தது.

“மேஸ்திரி, இத்தனூண்டு சந்தனத்துக்கா நட்டு கழலும்?”

சென்றாயன் ஸ்பேசரைக் கீழே வைத்தார். சந்தனம் கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். மாதையன் கரைத்து வந்தார். முற்றத்து மூலையில் பழைய ஹப் ஒன்று கிடந்தது. அதில் அன்றைக்கு எப்படி வைத்தாரோ அப்படியே வைக்கச் சொன்னார். மாதையன் மூன்று பொட்டு வைத்தார். சென்றாயன் மேலே ஒரு ஸ்பேசரை மாட்டி அளவுக் கம்பியை அவர் கையிலேயே கொடுத்தார். டிக் என்று சத்தம் வரும்வரை மாதையன் இறுக்கினார்.

“இன்னும் இறுகுமா?”

“இறுகாதுங்க. இதுக்குமேல போனா போல்ட்டு அறுந்துரும்.”

அதைத் தூக்கி வெயிலில் வைத்தார்கள். ஓடுகிற ஹப் அந்த அளவுக்குச் சூடாகும். மத்தியானம் வரை காய்ந்தது. பிறகு சென்றாயன் சுத்தியலை எடுத்து மெதுவாக, ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தார். பாறைத்தடத்தில் சக்கரம் அப்படித்தான் அடி வாங்கும். ஒரு மணி நேரம் தட்டினார். இடுக்கிலிருந்து மஞ்சளாகப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது, உதிர்ந்த அளவுக்கு உள்ளே இடைவெளி விழுந்தது. கீழே விழுந்ததை ஓர் எறும்பு சுற்றிக்கொண்டு போனது.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு சென்றாயன் நட்டைக் காட்டினார்.

மாதையன் இரண்டு விரலால் திருப்பினார். நட்டு திரும்பியது.

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆண் அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் சென்றாயன் எழுந்து போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சுத்தியலின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவன் திரும்பி வந்திருந்தா?” என்று மாதையன் கேட்டார்.

“நான் கழட்டியிருப்பேன். பாத்திருப்பேன்.”

“அப்ப அவன் மேலயும் தப்பு இருக்குதுதானுங்களே.”

“இருக்குது.”

“ஸ்டெப்னியக் குடுத்தது என் தப்பு.”

“அதுவும் இருக்குது. உங்கள நம்பித் தனியா விட்டுட்டுப் போனது என் தப்பு. எல்லாருக்கும் இருக்குதுண்ணா.”

மாதையன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கேட்க நினைத்தது இது எதுவுமில்லை.

“நம்ம ரெண்டு பேருக்குத்தான் இது தெரியும். இன்ஸ்பெக்டர் அறுந்த போல்ட்ட எழுதிட்டுப் போயிட்டாரு. அவனே தன் வாயால ஒத்துக்கிட்டான். நான் இப்ப என்ன பண்ணட்டும் மேஸ்திரி?”

சென்றாயன் எழுந்து போனார். மற்ற இரண்டு சக்கரங்களையும் கழற்றினார். சந்தனம் காய்ந்த மூன்று ஸ்பேசர்களையும் கொண்டுவந்து மாதையன் முன்னால் வரிசையாக வைத்தார். பக்கத்தில் கம்பி பிரஷ்ஷை வைத்தார். பெட்ரோல் கிண்ணத்தை வைத்தார். அதற்குப் பிறகு, தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று சொல்லி பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாதையன் தனியாக இருந்தார். பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால் போதும். அவருக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும், தினமும் செய்வதுதான். பிரஷ்ஷை எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். மேஸ்திரி மேல் அவருக்குக் கோபம் வந்தது. சின்னப் பையன், இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன, குறைந்தா போய்விடுவான். தேய் என்று சொல்லியிருந்தால் தேய்த்திருப்பார், பழி மேஸ்திரியோடு போயிருக்கும். போய்ச் சொல் என்று சொல்லியிருந்தால் போயிருப்பார், புண்ணியமும் மேஸ்திரிக்கே போயிருக்கும்.

நிழல் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. மாதையன் ஒரு ஸ்பேசரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மற்ற இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஆஸ்பத்திரியில் தீர்த்தகிரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தான். கன்னம் ஒட்டி, அடையாளமே தெரியவில்லை. அவன் அம்மா கையில் கஞ்சி டம்ளர் ஆறிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பி மாதையனைப் பார்த்ததும் தீர்த்தகிரி கும்பிட்டான்.

“நீங்க வரச் சொன்னீங்கண்ணா. நான்தான் வரல.”

மாதையன் துண்டைப் பிரித்து, ஸ்பேசரை அவன் கட்டிலில் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சாமிக்காகத்தான் வைத்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது, அதையும் விழுங்கிவிட்டார். நட்டு இரண்டு விரலில் திரும்பியதுவரை சொல்லிவிட்டு நின்றார்.

தீர்த்தகிரி அந்தச் சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். பொருக்கு உதிர்ந்து போர்வையில் விழுந்தது.

“எந்த விரலால வெச்சீங்க?”

மாதையன் மோதிர விரலை நீட்டினார். தீர்த்தகிரி அதைப் பிடித்தான். பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்தவனின் பிடி அவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று மாதையன் எதிர்பார்க்கவில்லை. ஒடித்துவிடுவான் என்று நினைத்தார். ஒடிக்கட்டும் என்றும் நினைத்தார். அவன் ஒடிக்கவில்லை. பிடித்தபடியே அழுதான். அலமேலு செத்த பிறகு அவன் அழுதது அதுதான் முதல் தடவை என்று அவன் அம்மா பிறகு சொன்னாள்.

அழுது ஓய்ந்ததும் விரலை விட்டான்.

“இனிமே எங்கண்ணுல படாதீங்க. படுத்துக் கிடக்கிறேன்னு பாக்கறேன். எந்திரிச்சேன்னா உங்கள என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.”

மாதையன் தலையை ஆட்டினார். ஸ்பேசரை எடுக்கக் கையை நீட்டினார். அவன் விடவில்லை, தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவர் திரும்பி நடந்தார். வார்டு வாசலை அவர் தாண்டும்போது, பின்னால் தீர்த்தகிரி அம்மாவிடம் அந்தக் கஞ்சியைக் கொடு என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. அந்த அம்மாள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை. டம்ளர் பல்லில் இடிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். எழுத்தர் முதலில் நம்பவில்லை, முடியப்போகிற கேஸில் வந்து தலையைக் கொடுக்கிறீரே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். பிறகு வேண்டாவெறுப்பாக எழுதிக்கொண்டு, கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஊருக்குள் செய்தி அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. டீக்கடையில் பேச்சு நின்றது. அலமேலுவின் அண்ணன் ரோட்டைக் கடந்து வந்து, அவர் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனான். மாதையன் துண்டால் துடைத்துக்கொண்டு நடந்தார்.

பட்டறையில் சென்றாயன் ஒரு ஹப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து வந்திருக்க வேண்டிய மூன்று வண்டிகளும் அன்றைக்கு வரவில்லை. இனி வருமா என்பதும் தெரியவில்லை. மாதையன் எதிரில் வந்து உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். விரலைப் பிடித்ததைச் சொன்னார், கஞ்சி கேட்டதைச் சொன்னார், ஸ்டேஷனையும் டீக்கடையையும் சொன்னார். சென்றாயன் ஹப்பைத் தேய்த்தபடியே கேட்டார்.

“ராத்திரி பூரா கண்ண மூட முடியலீங்க. மூடினா அந்த அலமேலு புள்ள வண்டியில ஏறி உக்கார்றதுதான் தெரியுது. இனி சாவற வரைக்கும் இப்படித்தான்னு தோணுது,” என்றார் மாதையன். “போய்ச் சொல்லிட்டா பாரம் எறங்கிரும்னு நெனச்சேன் மேஸ்திரி. எறங்கவே இல்லியே.”

சென்றாயன் பிரஷ்ஷை நிறுத்தினார்.

“எறங்கிருச்சுண்ணா,” என்றார். “அவன் கஞ்சி குடிச்சான்ல.”